வீரம்மாவின் பேரில் எடுத்த விடுப்பு

வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆறு வருடமாகத் தட்டச்சு செய்பவளுக்கு அடுத்தவர் கஷ்டத்தை மலாயில் மரியாதையாக எழுதுவது பெரிய காரியமில்லை. குமுதா விவாகரத்து மனுக்களை எழுதியிருக்கிறாள். வேலி தாண்டி வந்த பக்கத்து வீட்டு மாமரத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறாள். சொந்தப் புருஷனுக்காக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் முதல் பத்தியிலேயே விரல் நின்றுவிட்டது.

'ராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளக் கோரும் மேல்முறையீடு' என்று தலைப்பு மட்டும் திரையில் இருந்தது.

அவள் கணவன் தனேஸ்வரன் ஏழு வருடம் ராணுவத்தில் இருந்தவன். லான்ஸ் கார்ப்பரலாகத் தைப்பிங் முகாமில் இருந்தபோது, இரண்டரை வருடத்துக்கு முன், 'இவரது சேவை இனித் தேவையில்லை' என்று எழுதிக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்படி எழுதிய தாளோடு வந்தவனை எந்த அரசாங்க வேலையிலும் சேர்க்க மாட்டார்கள். இப்போது ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை. லொரி வந்தால் கேட்டைத் திறப்பான், போனால் மூடுவான். அந்த வேலைக்கும் தினமும் சப்பாத்தைக் கண்ணாடி போலத் துடைத்துக்கொண்டுதான் போவான்.

மேல்முறையீடு எழுதலாம் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அவன் காலையில் ஓட ஆரம்பித்திருந்தான். ஆறு கிலோ குறைந்துவிட்டது. அவனுக்கு என்ன வேண்டும் என்பதைக் குமுதா கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

மேசையில் நீல நிறக் கோப்பு ஒன்று இருந்தது. இத்தனை நாளும் அலமாரியின் மேல்தட்டில், போர்வைகளுக்கு அடியில் கிடந்தது. "எல்லாம் இதுல இருக்கு குமு. தேதியெல்லாம் பாத்துப் போட்டுக்க," என்று நேற்று மாலை வேலைக்குப் போகும்போது கொடுத்தான். கொடுக்கும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

விடுப்பு முடிந்தும் ஒன்பது நாள் முகாமுக்குத் திரும்பாததால் வேலை போனது என்றுதான் அவன் வீட்டில் சொல்லியிருந்தான். கோப்பின் மூன்றாவது தாளில் இன்னொரு குற்றமும் இருந்தது: பொய்த் தகவல் கொடுத்து விடுப்புப் பெற்றது. அடுத்த தாள், அவன் கைப்பட நிரப்பிய விடுப்புப் படிவம். காரணம் என்ற இடத்தில் 'தாயார் மரணம்.' இறந்தவர் பெயர் என்ற இடத்தில் 'வீரம்மா இராமசாமி.'

வீரம்மா அந்த நேரம் சமையலறையில் கெம்போங் மீனின் செதிலை எடுத்தபடி, வானொலியில் வந்த பாட்டுக்குத் தப்பான தாளத்தில் முனகிக்கொண்டிருந்தார்.

காலை ஏழரை மணிக்கு இரவு வேலை முடிந்து தனேஸ்வரன் ரொட்டி சானாய் பொட்டலத்தோடு வந்தான். ஒரு சப்பாத்தைக் கழற்றி மறு சப்பாத்தில் கை வைத்தபோது குமுதா குரலை இறக்கிக் கேட்டாள்.

"அத்தைய எப்பங்க கொன்னீங்க?"

அவன் குனிந்தபடியே நின்றான். "பாத்துட்டியா?"

"பாக்கட்டும்னுதானே குடுத்தீங்க."

"வாயால சொல்ல வரல குமு. ரெண்டரை வருசமா வரல."

அவள் மறுபடி அந்தப் படிவத்தைப் பார்த்தாள். தேதி அவளுக்கு மனப்பாடம். அவளுடைய அம்மா கலாதேவி இறந்த நாள்.

கலாதேவிக்குக் குமுதா ஒரே மகள். கணவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஹுத்தான் மெலிந்தாங்கில் இருந்த பங்காளி வீட்டுப் பையன்களுக்குச் சொல்லியனுப்பியபோது, படகு கடலுக்குள் போயிருக்கிறது என்று பதில் வந்தது. கொள்ளி போட ஆள் இல்லை. சபையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது வீரம்மாதான் எழுந்தார். அவரும் கலாதேவியும் சம்பந்தி ஆவதற்கு முன் பதினெட்டு வருடம் ஒரே ரப்பர் தோட்டத்தில், அடுத்தடுத்த நிரையில் பால் வெட்டியவர்கள்.

"என் மவன் போடுவான்," என்றார் வீரம்மா.

பெற்ற தாய் உயிரோடு இருக்கும்போது இன்னொரு தாய்க்குக் கொள்ளி வைத்து மொட்டையடிப்பது அந்தத் தாய்க்கு ஆகாது என்று பெரியவர்கள் இழுத்தார்கள். "எனக்கு வர்றத நான் பாத்துக்குறேன். கலா அநாதையா போவக் கூடாது," என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று தைப்பிங்குக்கு ஃபோன் போட்டார். கொள்ளி வைத்தவன் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை நடுவில் விட்டுவிட்டுப் போகக் கூடாது, நாள் கணக்குப் பார்த்து லீவு கேட்டு வா என்று மகனுக்கு உத்தரவும் போட்டார்.

"மாமியாருக்கு ஒரு நாள்தான் தருவாங்கன்னு நெனச்சேன்," என்றான் தனேஸ்வரன். "அம்மான்னா ஏழு நாள். அம்மா பேர எழுதிட்டேன். மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்னு கைப்பேசிய அடைச்சு வெச்சிட்டேன்."

"மொட்டையோட திரும்பிப் போனீங்களே, யாரும் கேக்கலயா?"

"யாரு கேப்பா? அம்மாவுக்கு மொட்டை போட்டிருக்கான்னு எல்லாரும் பாவம் பாத்தாங்க. என் பிரிவுல இருந்த ஹாபிஸ் தன் தட்டுல இருந்த கோழியத் தூக்கி என் தட்டுல வெச்சான். லேட்டா வந்ததுக்கு வெளிய போகவும் ஃபோன் பேசவும் தடை போட்டாங்க, அவ்ளோதான். முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

"அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிச்சாங்க?"

அவன் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

"அம்மா வந்துச்சுலா. ஒரு டின்னு முறுக்கோட."

குமுதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளேயே சிரிப்பு எங்கோ ஒரு இடத்தில் அழுகையாகிவிட்டது. தன் அம்மாவுக்காக இவன் எதை இழந்தான் என்று இத்தனை நாள் தெரிந்திருந்தது. எதைச் செய்தான் என்று இன்றுதான் தெரிந்தது.

"யாரு செத்தது? எனக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

வீரம்மா சமையலறை வாசல் மறைவில் நின்றிருந்தார். கையில் கத்தி, முழங்கை வரை மீன் செதில். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தனேஸ்வரன் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கேட்டு முடித்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"இவ்ளோதானா? செத்துட்டதா சேதி போனா ஆயுசு கெட்டிடா. நீ எழுதுன நேரம், தொண்ணூறு வரைக்கும் உங்க ரெண்டு பேரு கழுத்தையும் அறுப்பேன் பாரு. போய்க் குளி."

மறுபடி மீனிடம் போய்விட்டார். ஆனால் வானொலி அணைந்தது. கொஞ்ச நேரத்துக்கு மீன் செதில் எடுக்கும் சத்தமும் இல்லை. குமுதா எட்டிப் பார்த்தாள். வீரம்மா சின்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கு முகாம்ல என்னைய ஃபேனுக்குக் கீழ உக்கார வெச்சாங்க குமுதா. தேத்தண்ணி குடுத்தாங்க. ஆபீஸ் கிராணி வந்து என் ஐசி கார்ட வாங்கி மூணு தடவை பாத்தாரு. 'சொந்த அம்மாவா?'ன்னு கேட்டாரு. நானேதான் பெத்தேன், கம்பார் ஆஸ்பத்திரியில, ரெண்டு நாளு வலின்னு மலாயில சொன்னேன். எவ்ளோ மரியாதையான ஆளுங்கன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனேடி."

"அத்தை..."

"அவன் வேலைய நான்லா போயி கெடுத்துட்டு வந்திருக்கேன். மூணு வாரமா ஃபோன் பண்ணலன்னு பஸ்ஸேறிப் போயி."

குமுதா மீன் நாற்றத்தோடு அவரைக் கட்டிக்கொண்டாள். சமையலறை சின்னது. தனேஸ்வரனும் உள்ளே வந்தபோது மூவருக்கும் இடம் போதாமல் தட்டு அடுக்கு ஒன்று சரிந்து விழுந்தது. "உடைச்சிட்டியா? வந்துட்டான் பாரு தேறுதல் சொல்ல," என்று வீரம்மா திட்டியதும்தான் வீடு பழைய நிலைக்கு வந்தது.

மறுநாள் மாலை குமுதாவும் தனேஸ்வரனும் ஷரபுதீனின் உணவுக் கடைக்குப் போனார்கள். ஈப்போ பழைய டவுனில் நான்கு மேசை போட்ட கடை. ஷரபுதீன் இருபத்தொரு வருடம் ராணுவத்தில் இருந்து சார்ஜெண்டாக ஓய்வு பெற்றவர். இன்றும் கடைப் பையன்கள் மேசை துடைப்பதை இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். மேல்முறையீடு பற்றிச் சொன்னதும் அவர்தான். குமுதா எழுதி வந்த கடிதத்தை மூக்குக்கண்ணாடி மாட்டி ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா இது லெட்டர் இல்ல, வாக்குமூலம். நாந்தான் பொய் சொன்னேன், நாந்தான் பொய் சொன்னேன்னு ரெண்டு எடத்துல இருக்கு. இத வாசிக்கிறவங்க இவனத் திரும்ப எடுப்பாங்களா, உள்ள போடுவாங்களா?"

"நடந்தது அதுதானே அண்ணே," என்றான் தனேஸ்வரன்.

"நடந்தத எழுதச் சொல்லி யாரு கேட்டா? தம்பி, இங்க பாரு. நீ மாமியார்னுதான் வாயால சொன்ன. ஃபாரம் நிரப்புனது கிராணி. அவசரத்துல அம்மான்னு போட்டுட்டான், நீ கையெழுத்து மட்டும் போட்ட. முடிஞ்சிச்சு. அஸ்வான்தானே அப்போ கிராணி? அவன் பென்ஷன் வாங்கிக்கிட்டு அலோர் ஸ்டார்ல கோழி வளக்குறான். அவனுக்கு ஒரு மயிரும் ஆவாது. மன்னிச்சுக்கம்மா."

"ஃபாரம் பூரா இவரு எழுத்துல இருக்கே," என்றாள் குமுதா.

"இத்தனை வருசம் கழிச்சு யாரும்மா எழுத்த வெச்சுப் பாக்குறது? அவங்களுக்கே ஒரு காரணம் வேணும்மா, இவன உள்ள எடுக்க. அத நாமதான் கையில குடுக்கணும்."

குமுதா கணவனைப் பார்த்தாள். அந்தத் திருத்தத்தை அவள் பத்து நிமிடத்தில் செய்துவிடுவாள். கைப்பையில் மடிக்கணினி இருந்தது. அவன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று ஒரு மனம் நினைத்தது. சரி என்று சொன்னாலும் அவனைக் குறை சொல்ல முடியாது என்று இன்னொரு மனம் நினைத்தது. அவன் தே தாரிக்கின் நுரையை ஸ்பூனால் ஒதுக்கிக்கொண்டே இருந்தான்.

"அம்மா வந்துட்டுப் போன அன்னிக்கு அஸ்வான் அண்ணன்தான் என்னத் தேடி வந்தாரு," என்றான் கடைசியில். "வந்து என்ன சொன்னாரு தெரியுமா? 'அல்ஹம்துலில்லா, உன் அம்மா உயிரோட இருக்காங்கடா'ன்னு என் தோளப் பிடிச்சாரு. கண்ணு கலங்கியிருச்சு அவருக்கு. அப்புறந்தான், 'இப்ப நான் இத மேல எழுதணும், என்ன மன்னிச்சுக்க'ன்னாரு. அவரு தலையில எப்படிண்ணே போடுறது?"

ஷரபுதீன் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப இதையே அனுப்பு. ஆனா ரெண்டு எடத்துல வேணாம்லா. ஒரு தடவை பொய் சொன்னதா எழுதுனா போதும்."

குமுதா அங்கேயே உட்கார்ந்து ஒரு இடத்தை எடுத்தாள்.

ஏழு வாரம் கழித்துத் தைப்பிங்குக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. வீரம்மா வர வேண்டாம் என்றான் தனேஸ்வரன். "நான் கார்லயே இருக்கேன், எறங்கவே மாட்டேன்," என்று சத்தியம் செய்துவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டும் மாம்பழ வண்ணப் பட்டில் அவர் முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். தைப்பிங்கில் எப்போதும் போல மழை. காரில் உட்கார்ந்தால் கண்ணாடி மூடி மூச்சு முட்டுகிறது என்று பத்தாவது நிமிடத்தில் இறங்கிவிட்டார். குமுதாவோடு காத்திருப்போர் வராந்தாவுக்கு வந்து நாற்காலி நுனியில் அமர்ந்தார். தனேஸ்வரன் உள்ளே போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

கதவு திறந்தது. சீருடையில் ஒரு பெண் அதிகாரி. மார்பில் நூருல் என்று பெயர். மேஜர். நாற்பதைத் தாண்டியிருக்கும். வராந்தாவில் ஜொலித்துக்கொண்டிருந்த பட்டுச் சேலையைப் பார்த்து நின்றார்.

"இவங்கதானா?" என்று மலாயில் கேட்டார். "இறந்துபோன அம்மா?"

"நாந்தான் புவான்," என்று வீரம்மா எழுந்து நின்றார். "இன்னும் இருக்கேன்."

மேஜரின் உதடு கொஞ்சம் நெளிந்தது. இருவரையும் உள்ளே வரச் சொன்னார். வீரம்மாவின் மலாய், தோட்டத்திலும் பாசாரிலும் கற்ற மலாய். தடுமாறும் இடத்தில் சொல்லிக் கொடுக்கக் குமுதா பக்கத்தில் நின்றாள். தனேஸ்வரன் மேசைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அம்மா உள்ளே வந்ததும் அவன் காது சிவந்தது.

"கொள்ளி போடச் சொன்னது நானு," என்று வீரம்மா யாரும் கேட்பதற்கு முன்னே ஆரம்பித்தார். "பதினாறு நாளு நகரக் கூடாதுன்னு சொன்னதும் நானு. என் பேரப் போட்டதுக்கு எனக்குக் கோவம் இல்ல. என் பேருதானே, என்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். அவனுக்குக் குடுத்த தண்டனைய எனக்குக் குடுங்க."

"உங்கள ராணுவத்துல இருந்து நீக்க முடியாதே அம்மா," என்றார் மேஜர்.

"அதுவும் சரிதான்," என்று வீரம்மா யோசித்தார். "ஆனா ஒண்ணு புவான். இனிமே இவன் அப்படிச் செய்ய மாட்டான். சாவறதுக்கு இன்னொரு மாமியாரு இல்ல. நான் செத்தாலும் லீவு வேணாம். அத ஏற்கெனவே எடுத்துட்டான்."

குமுதா இதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மேஜருக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. அவர் கோப்பை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கோப்பின் விளிம்பு ஆடியது. அதைக் கீழே வைத்தபோது முகம் பழையபடி அதிகாரியின் முகமாகியிருந்தது.

"தனேஸ்வரன், நீ அன்னிக்கு உன் அதிகாரிகிட்ட உண்மையச் சொல்லிப் பதினாறு நாள் கேட்டியா?"

"இல்ல, புவான்."

"ஏன் கேக்கல?"

"முடியாதுன்னு சொல்லிட்டா என்ன செய்றதுன்னு பயம், புவான்."

"சரி. இப்ப உன்னத் திரும்ப எடுத்தாச்சுன்னு வெச்சுக்க. இன்னொரு சாவு. நீதான் எல்லாத்தையும் செஞ்சாகணும். உண்மையச் சொல்லிக் கேக்குற. நான் முடியாதுங்கறேன். என்ன செய்வ?"

இருந்துவிடுவேன் என்று சொல்லுங்கள், என்று குமுதா மனதுக்குள் சொன்னாள். ஒரே ஒரு வார்த்தை.

"போயிட்டு வந்து தண்டனைய வாங்கிக்குவேன், புவான். பொய் மட்டும் சொல்ல மாட்டேன்."

வெளியே மழை சத்தமாகக் கேட்டது. மேஜர் பேனாவை மூடினார்.

"உன் கடிதத்துல எனக்குப் பிடிச்சதே நீ யார் மேலயும் பழி போடாததுதான். இப்ப சொன்னதும் உண்மைதான்னு எனக்குத் தெரியுது. ஆனா நான் அனுப்புற பையன்க எல்லை முகாம்ல மாசக்கணக்குல நிப்பாங்க. நூத்திருபது பேரு. நூத்திருபது பேரு வீட்டுலயும் சாவு வரும். ஆளாளுக்குப் போயிட்டு வந்து தண்டனை வாங்கிக்கிறேன்னா அங்க யாரு நிப்பா?"

"புரியுது, புவான்."

"நிரந்தரப் படைக்கு உன்ன நான் சிபாரிசு செய்ய முடியாது."

வீரம்மா குமுதாவின் கையைப் பிடித்தார். பிடி வலித்தது.

"ஈப்போவுல ராணுவத்தோட தொண்டர் படை இருக்கு," என்று மேஜர் தொடர்ந்தார். "வார இறுதிப் பயிற்சி. வெள்ளம் வந்தா முதல்ல கூப்பிடுவாங்க. ஏழு வருசம் பழகின ஆளு அங்க உதவுவான். நான் ஒரு கடிதம் தரேன். ஆனா லான்ஸ் கார்ப்பரலா இல்ல. முதல் நாள்லேருந்து, புது ஆளா. பயிற்சி குடுக்குற கார்ப்பரல் ஹாபிஸ் உன் பழைய பிரிவுக்காரன்னு நினைக்கிறேன். அவனுக்குக் கீழ நிக்க முடியும்னா போ. முடியாதுன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

தனேஸ்வரன் எழுந்து நின்று நன்றி சொன்னான். சல்யூட் அடிக்கக் கை எழுந்தது. தான் இப்போது வெறும் ஆள் என்று நினைவு வந்து பாதியில் இறங்கியது. மேஜர் அதைப் பார்க்காதது போல இருந்தார்.

திரும்பும் வழியில் கோல கங்சாரில் காரை நிறுத்தினான். மழை விட்டிருந்தது. பசிக்கிறது என்று யாரும் சொல்லாவிட்டாலும் வீரம்மா கடையில் லக்சாவைப் பொட்டலமாகத் தப்பாவ் பண்ணி வருகிறேன் என்று இறங்கிவிட்டார். தங்களைத் தனியாக விடுவதற்காகத்தான் போகிறார் என்று குமுதாவுக்குத் தெரிந்தது. பட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் தண்ணீர் தேங்கிய இடங்களைத் தாண்டிப் போனார்.

தனேஸ்வரன் ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்தபடி இருந்தான்.

"ஹாபிஸுக்கு நாந்தான் பூட்ஸு கயிறு எப்படிக் கட்டணும்னு சொல்லிக் குடுத்தேன்," என்றான்.

"தெரியும். சொல்லியிருக்கீங்க."

"பத்தொம்போது வயசுப் பையன்களோட நிக்கணும்."

அவள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவீங்களா?" என்றாள்.

"சொல்லு."

"கெடைக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். கெடைக்கணும்னும் வேண்டிக்கிட்டேன். முருகனுக்கே கொழம்பியிருக்கும். காலைல ஏழரைக்கு நீங்க கேட்டத் திறக்கிற சத்தம் கேட்டாத்தான் எனக்கு அன்னிய நாளு ஆரம்பிக்குது. சரவாக்ல கொண்டுபோய்ப் போட்டுட்டாங்கன்னா..."

"எனக்குத் தெரியும் குமு."

"என்ன தெரியும்?"

"அந்த லெட்டர்ல ஒரு எழுத்துப் பிழை கூட இல்ல. பதினோரு தடவை திருத்துன. வேணாம்னு நெனக்கிறவதான் அவ்ளோ பயந்து பயந்து டைப் பண்ணுவா, எங்க தன்னால கெட்டுடுமோன்னு."

"இல்லன்னு சொன்னதும் சந்தோசம் வரும்னு நெனச்சேங்க. வரல. உங்க கை பாதியில எறங்குச்சே, அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அவள் கையின் மேல் வைத்தான்.

"அந்தக் கேள்விக்கு இருந்திருவேன்னு சொல்லியிருக்கலாம்லா," என்றாள் அவள்.

"சொல்லியிருக்கலாம். ஆனா நீ பக்கத்துல நிக்கிற. உங்கம்மாவுக்குக் கொள்ளி போட்டதுக்கு வருத்தப்படுறேன்னு ஆயிரும்ல."

இவனைக் கல்யாணம் செய்து ஆறு வருடம் ஆகிறது. இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு, எதுவும் சொல்லாதவன் போல எதிரே உள்ள பெயர்ப்பலகையை வாசித்துக்கொண்டிருக்கிற ஆளை இன்னொரு முறை கல்யாணம் செய்யச் சொன்னாலும் செய்வாள். அதை அவனிடம் சொல்ல வாயெடுத்தபோது வீரம்மா கதவைத் திறந்தார்.

"சம்பல் தனியா வாங்கியிருக்கேன். என்னா, பேசியாச்சா? போறியா, இல்லையா?"

"போறேன்மா. சனிக்கிழமை."

"ஹாபிஸு யாரு? உனக்குக் கோழி குடுத்த பையன்தானே?"

"ஆமா."

"அப்ப என்ன? சோறு போட்டவனுக்கு சல்யூட் அடிக்கிறதுல ஒண்ணும் கொறஞ்சிற மாட்ட. வண்டிய எடு, ஆறிப்போவுது."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குமுதா அவனை ஈப்போவில் தொண்டர் படையின் திடலுக்கு வெளியே இறக்கிவிட்டாள். வேலியோரம் இன்னும் சில கார்கள் இருந்தன. அம்மாக்கள், காதலிகள், தூக்கக் கலக்கத்தில் ஒரு அப்பா. உள்ளே இருபது பேர் வரிசையாக நின்றார்கள். ஒருவனைத் தவிர எல்லோரும் சின்னப் பையன்கள். சீருடை இன்னும் கொடுக்கவில்லை. கடைசியில், கறுப்புப் பேண்ட்டும் வெள்ளை டீசட்டையுமாக, மற்றவர்களைவிட ஒரு சாண் அகலமாகத் தன் புருஷன் நிற்பதை அவள் வேலிக் கம்பி வழியாகப் பார்த்தாள்.

கார்ப்பரல் பட்டியலோடு வந்தான். ஹாபிஸாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தவன் கடைசிப் பெயரில் நின்றான். தலை நிமிர்ந்தது. ஒரு வினாடி அவன் முகத்தில் அதிகாரம் போய், என்ன செய்வது என்று தெரியாத ஒரு தம்பியின் முகம் வந்தது. வாய் 'அண்ணே' என்று சொல்லப் போவது போல விரிந்தது.

தனேஸ்வரன் அவனுக்கு அந்தச் சிரமத்தை வைக்கவில்லை.

"ஆடா, கார்ப்பரல்!" என்றான். இருக்கிறேன் என்று சொன்ன அந்தக் குரல் திடலைத் தாண்டி, வேலியைத் தாண்டி, சாலைக்கு எதிர்ப்புறம் கோப்பி குடித்துக்கொண்டிருந்த கிழவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பக்கத்துப் பையன் துள்ளியே விட்டான். ஹாபிஸ் பட்டியலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, ஒரு முறை இருமி, அடுத்த உத்தரவைப் போட்டான். இருபது பேரும் திரும்பினார்கள். பத்தொன்பது பேர் முன்னும் பின்னுமாக. ஒருவன் மட்டும் சரியாக.

வேலியோரம் நின்ற ஒரு அம்மாள் குமுதாவிடம் கேட்டார். "அந்தக் கடைசி ஆளு யாரும்மா? வாத்தியாரா?"

"இல்லைங்க. புது ஆளு," என்றாள் குமுதா. "என் வீட்டுக்காரரு."

திரும்பும் வழியில் பாசாரில் மீன் வாங்கி வரச் சொல்லி வீரம்மா அனுப்பியிருந்தார். பாசார் பன்னிரண்டு மணி வரை திறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, குமுதா கார் சாவியைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு மறுபடி வேலிப் பக்கம் திரும்பினாள்.